பிரான்சின் மறைமாவட்ட எல்லைகள்

பிரான்சின் கத்தோலிக்க மறைமாவட்டங்களின் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பிலுள்ள பகுதிகளின்) பழைய எல்லைகள் பெரும்பாலும் ரோமப் பேரரசின் நகர நிர்வாகப் பகுதிகளை ஒட்டியே அமைந்தவை. தெற்கே சிறு நகரங்கள் நெருங்கியிருந்ததால் அங்கே ஒரு நாள் நடைதூரத்திலேயே அடுத்த ஆயரின் பேராலயம் வந்துவிடும். வடக்கிலோ ஒரே மறைமாவட்டம் நூற்றுக்கணக்கான பங்குகளை (ஊர்த் தேவாலயப் பகுதிகளை) உள்ளடக்கிப் பரந்து கிடந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த இந்த ஏற்பாட்டை 1790-இல் புரட்சி அரசு ஒரே சட்டத்தால் கலைத்து, அரசின் நிர்வாக மாவட்டத்துக்கு ஓர் ஆயர் என 83 மறைமாவட்டங்களை வகுத்தது. திருத்தந்தை (போப்) அதை ஏற்கவில்லை. எனினும், 1801-இல் நெப்போலியனோடு உடன்படிக்கை செய்துகொண்ட அடுத்த திருத்தந்தை ஏழாம் பயஸ், பழைய ஆயர்கள் அனைவரையும் பதவி விலகச் சொல்லி, எண்ணிக்கையை 60 ஆகக் குறைத்தார். விலக மறுத்த ஆயர்களைச் சார்ந்தோர் ‘சிறிய திருச்சபை’ என்ற பெயரில் தனித்து நின்றனர். புரட்சி அரசு செய்தால் அத்துமீறல், ரோமே செய்தால் சீர்திருத்தம் என்பது எனக்குச் சற்று விந்தையாகவே படுகிறது.

1822-இல் 30 மறைமாவட்டங்கள் மீட்கப்பட்டன. மீளாதவற்றுள் சில, ‘கூட்டான்ஸ்-அவ்ரான்ஷ்’ என்பதுபோல் இணைப்புப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1905-இல் அரசும் திருச்சபையும் பிரிந்தபோது ஸ்ட்ராஸ்பூர்க், மெட்ஸ் இரண்டும் ஜெர்மனியின் வசம் இருந்ததால், 1801 உடன்படிக்கை அங்கே இன்றும் செல்லுபடியாகிறது. அவ்விரு ஆயர்களையும் முறைப்படி நியமிப்பவர் பிரெஞ்சு அதிபரே.