பிட்ஸ்பர்க்கில் அணைந்த திரை

1985 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதலாவது ரெஸில்மேனியா என்னும் தொழில்முறை மல்யுத்தப் பெருநிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பிட்ஸ்பர்க் நகர அரங்கொன்றில் பெரிய திரையின் முன் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒளிபரப்பு பழுதாகிப்போனது. ஆத்திரமடைந்த கூட்டம் கையில் இருந்ததையெல்லாம் திரையை நோக்கி வீசியது. பிறகு உள்ளூர்த் தொலைக்காட்சியில் அந்நிகழ்ச்சியைக் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. தொழில்முறை மல்யுத்தத்தின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் ஒருவரியில் கடந்துபோகும் செய்தி இது. அந்த நிகழ்ச்சியின் பதிவைச் சென்ற வாரம் மறுபடியும் பார்த்தபோது எனக்கு அதன் நாயகன் ஹல்க் ஹோகனைவிடப் பிட்ஸ்பர்க்தான் அதிகம் நினைவில் நின்றது. ரெஸில்மேனியா தோற்றிருந்தால், அந்தத் தோல்வி பிட்ஸ்பர்க்கைப் போன்ற ஊர்களில்தான் நிகழ்ந்திருக்கும்.

கார்டன் நிரம்பாமல் போக வாய்ப்பே இல்லை. ரெஸில்மேனியாவை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மெக்மானின் தந்தை காலத்திலிருந்தே அது அவர்களுடைய கோட்டை. அன்று அங்கே வந்தவர்கள் 19,121 பேர் என்பது நிறுவனம் தந்த கணக்கு. ஆனால் முகமது அலி, பியானோ கலைஞர் லிபராச்சி, பாடகி சிண்டி லாப்பர், நடிகர் மிஸ்டர் டி என்று அழைத்து வந்த பிரபலங்களுக்கான செலவை ஓர் அரங்கின் வசூல் தாங்காது. குத்துச்சண்டைக்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்திவந்த க்ளோஸ்ட் சர்க்யூட் முறையில், நாடெங்கும் 100-க்கும் மேற்பட்ட இடங்களில் திரை கட்டி டிக்கெட் விற்றதுதான் உண்மையான பந்தயம். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அப்படிப் பார்த்ததாக நிறுவனம் பின்னர் பெருமையுடன் சொல்லிக்கொண்டது. அந்த இருக்கைகளில் பாதி காலியாகக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி.

இது வெறும் கற்பனைப் பயமல்ல என்பதற்கு முந்தைய ஆண்டிலேயே சான்று இருக்கிறது. 1984 ஜூலை 14 அன்று, டெட் டர்னரின் டி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஜார்ஜியா மல்யுத்தம் வழக்கமாக வரும் சனிக்கிழமை மாலை நேரத்தை மெக்மான் கைப்பற்றித் தம்முடைய நிகழ்ச்சியைப் போட்டார். தென்மாநில ரசிகர்கள் கொதித்தெழுந்து புகார்களைக் குவித்தார்கள். வடகிழக்கின் வண்ணமயமான கேலிக்கூத்து அவர்களுக்கு மல்யுத்தமாகவே தெரியவில்லை. கடைசியில், ரெஸில்மேனியாவை ஒட்டிய நாட்களிலேயே, பத்து லட்சம் டாலருக்கு அந்த நேரத்தைக் கரோலினா வட்டார மல்யுத்த முதலாளி ஜிம் கிராக்கெட்டிடம் விற்றுவிட்டு மெக்மான் வெளியேறினார். அதாவது, நாடு முழுவதும் தம்மை ஏற்றுக்கொள்ளும் என்ற அவருடைய கணக்கு ஏற்கெனவே ஒருமுறை பொய்த்திருந்தது.

இப்படித் தோற்றிருந்தால் பழைய டெரிட்டரி முறை பிழைத்திருக்கும் என்று பழைய ரசிகர்கள் ஏக்கத்துடன் சொல்வது வழக்கம். 1948-இல் உருவான என்.டபிள்யூ.ஏ. என்னும் கூட்டமைப்பின் கீழ், மெம்ஃபிஸ், டல்லாஸ், போர்ட்லண்ட் என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி இருந்தார். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால்வைப்பதில்லை. உலகச் சாம்பியன் மட்டும் ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் நாயகனிடம் தோற்பதுபோல் வந்து தப்பித்துச் செல்வார். அழகான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொன்றது மெக்மான் மட்டுமே என்று நான் நம்பவில்லை. அட்லாண்டாவிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கிளம்பிய நிகழ்ச்சி மினசோட்டா வீட்டுக் கூடத்தில் தெரியத் தொடங்கிய அன்றே வட்டார எல்லைக்குப் பொருள் போய்விட்டது. தம் ஊர் வீரரைவிடப் பளபளப்பானவரைக் கேபிளில் பார்த்துவிட்ட ரசிகரை எந்த ஒப்பந்தத்தாலும் கட்டிவைக்க முடியாது.

அந்த முதலாளிகள் ஒன்றுகூடியிருக்கலாமே என்றால், கூடித்தான் பார்த்தார்கள். மினசோட்டாவின் வெர்ன் கான்யே, கிராக்கெட் முதலியோர் சேர்ந்து புரோ ரெஸ்லிங் யு.எஸ்.ஏ. என்ற பெயரில் 1984-இல் ஒரு கூட்டணி அமைத்தார்கள். பொதுவான எதிரி கண்ணெதிரே நின்றபோதே ஒருவரை ஒருவர் நம்பாமல் அது சிதறியது. எதிரியே விழுந்துவிட்டிருந்தால் அவர்கள் இன்னும் விரைவாகப் பிரிந்து, இனிக் கவலையில்லை என்று பழைய திண்ணைக்கே திரும்பியிருப்பார்கள். மெக்மானின் தோல்வி அவர்களுக்குக் கொடுத்திருக்கக்கூடியது, என் கணிப்பில், நாலைந்து ஆண்டு நிம்மதி மட்டுமே.

அந்த இடைவெளியில் எழுந்திருக்கக்கூடியவர் கிராக்கெட்தான். 1983 நவம்பரில் கிரீன்ஸ்பரோவில் அவர் நடத்திய முதலாவது ஸ்டார்கேட், ஹார்லி ரேஸிடமிருந்து ரிக் ஃபிளேர் பட்டத்தை வென்ற நிகழ்ச்சி, க்ளோஸ்ட் சர்க்யூட்டில் மல்யுத்தம் விலைபோகும் என்பதை ரெஸில்மேனியாவுக்கு முன்பே காட்டியிருந்தது. ஆகவே 1985-இன் தோல்வி ‘பெரிய திரையில் மல்யுத்தம் எடுபடாது’ என்ற முடிவுக்கு யாரையும் கொண்டுசென்றிருக்காது. ‘நடிகர்களையும் பாடகிகளையும் வைத்துக் காட்டினால் எடுபடாது’ என்ற முடிவுக்குத்தான் கொண்டுசென்றிருக்கும். இந்த வேறுபாட்டைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

1987-இல் நடந்ததை இதனுடன் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அவ்வாண்டு ஸ்டார்கேட் முதன்முறையாகப் பே பெர் வியூவில், அதாவது வீட்டிலிருந்தே காசு கட்டிப் பார்க்கும் கேபிள் முறையில், வர இருந்தது. மெக்மான் அதே நன்றித் திருநாளில் சர்வைவர் சீரிஸ் என்ற புதிய நிகழ்ச்சியை வைத்து, கிராக்கெட்டின் நிகழ்ச்சியை எடுக்கும் கேபிள் நிறுவனங்களுக்கு அடுத்த ரெஸில்மேனியா கிடைக்காது என்று மிரட்டினார். ஒருசில நிறுவனங்கள் தவிர மற்றவை அடிபணிந்தன. அம்மிரட்டலுக்குப் பல் இருந்ததற்குக் காரணம் ரெஸில்மேனியா என்ற பெயருக்கு இருந்த மதிப்பு மட்டுமே. முதல் நிகழ்ச்சியே கவிழ்ந்திருந்தால் அந்தப் பெயரும் இல்லை, மிரட்டலும் இல்லை. கிராக்கெட்டுக்கு அந்த வசூல் முழுதாகக் கிடைத்திருக்கும். மறு ஆண்டே கடன் தாங்காமல் அவர் டர்னரிடம் நிறுவனத்தை விற்றாரே, அது தள்ளிப்போயிருக்கும். தவிர்க்கப்பட்டிருக்கும் என்று சொல்லமாட்டேன். பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பதில் கிராக்கெட் யாருக்கும் சளைத்தவரல்லர்.

அப்படிக் கிராக்கெட்டின் நட்சத்திரங்களான ஃபிளேரும் டஸ்டி ரோட்ஸும் முகமாக அமைந்த ஒரு தேசிய மல்யுத்தம் எப்படி இருந்திருக்கும்? ஒரு மணிநேரம் நீளும் பட்டப் போட்டிகள், இரத்தம், வியர்வை, போட்டி உண்மையென்று கடைசிவரை சாதிக்கும் பிடிவாதம். 1989-இல் நியூஜெர்சி சட்டமன்றத்தில் மெக்மான் தரப்பு, அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, இது வெறும் கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. கேஃபேப்பை, அதாவது போட்டி உண்மையென்றே காட்டிக்கொள்ளும் வழக்கத்தை, உயிரெனக் காத்த தென்மாநில முதலாளிகள் அதைச் செய்திருக்கமாட்டார்கள் என்பது உறுதி. அந்த இரகசியம் இன்னும் பத்தாண்டு காக்கப்பட்டு, பிறகு யாரோ ஒரு செய்தியாளரால் அவமானகரமாக உடைக்கப்பட்டிருக்கும். குழந்தைகளுக்கான பொம்மைகளும் கார்ட்டூனும் என்.பி.சி.யில் சனிக்கிழமை இரவு நேரமும் மல்யுத்தத்துக்கு வாய்த்திருக்காது. ரசனையின்படி நான் அந்த மல்யுத்தத்தையே விரும்பியிருப்பேன். ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே என்னைப் போன்றவர்களின் கண்ணில் அது பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

மெக்மானோ ஒழிந்துபோயிருக்கமாட்டார். கார்டனும் பாஸ்டனும் ஃபிலடெல்ஃபியாவும் கையிலிருக்க, வடகிழக்கின் வசதியான வட்டார முதலாளியாகச் சுருங்கி, மறுமுயற்சிக்குக் காத்திருப்பார். ஹோகனுக்கு ஜப்பான் இருந்தது; 1983-இலேயே நியூ ஜப்பான் அமைப்பின் பெரிய தொடர்போட்டியை வென்றவர் அவர், அங்கே அவருடைய ஆட்டமும் இங்கே நாம் பார்த்ததைவிட நுட்பமாகவே இருந்தது. அன்று ஹோகனை எதிர்த்து நின்ற ராடி பைப்பருக்குப் போர்ட்லண்டில் அவ்வூர் முதலாளி டான் ஓவன் கதவு திறந்தே வைத்திருந்திருப்பார். நடுவராக நின்ற அலிக்கும், நடன மங்கையருடன் கால் தூக்கி ஆடிய லிபராச்சிக்கும் அது மறந்துபோகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிட்ஸ்பர்க்கில் திரை அணைந்ததைப் பற்றி மட்டும், அதுதான் முடிவின் தொடக்கம் என்று, எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள்.