இரையும் 10 அங்குல சப்வூஃபர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

மேசைக்கு வந்தது: 10 அங்குல, 8 ஓம் டிரைவர் (ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்), பின்தட்டிலேயே ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) பொருத்திய சப்வூஃபர். கோலாலம்பூர் தெரஸ் வீட்டு ஹாலில் பல வருடம் ஓடியது. பச்சை விளக்கு எரிகிறது, கூடவே ‘ம்ம்’ என்று இரைச்சல். சூடேறியதும் தானாகவே ‘தடக் தடக்’ என்று அடிக்கிறது, பிறகு ஒலியே வருவதில்லை.

தூக்கிப் போடுவதா என்பதை மொத்தமாக வைத்து முடிவு செய்ய முடியாது. பெட்டி, டிரைவர், ஆம்ப் மூன்றும் தனித்தனிச் சாமான்கள். எது கெட்டது என்று தெரிந்தபிறகுதான் விலைக் கணக்கு.

முதலில் கேபிள். ஒலி சிக்னல் வரும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றியும் இரைச்சல் நிற்கவில்லை. நின்றிருந்தால் சப்வூஃபரைத் திறக்கவே வேண்டாம். நம் வீடுகளில் அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது அஸ்ட்ரோ டிவி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கோஆக்ஸ் கேபிள். அதை டிகோடரிலிருந்து கழற்றும்போது இரைச்சல் போனால் அது கிரவுண்ட் லூப், அதாவது சாதனங்களின் எர்த் வழிகள் வளையமாகச் சேர்ந்ததால் வரும் இரைச்சல். ஆர்சிஏ வழியில் அந்த வளையத்தைப் பிரிக்கும் ஓர் ஐசோலேட்டர் போட்டால் தீரும். பிளக்கிற்குள் எர்த் வயரைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டால் உலோகத் தட்டு முழுக்க 240 வோல்ட் நிற்கும்.

அடுத்து டிரைவர். பிளக்கை உருவி, டிரைவர் வயர்களைப் பிரித்து ஓம் பார்த்தால் 6.1. 8 ஓம் டிரைவருக்கு இது சரியான டிசி அளவு. 4 ஓம் என்றால் 3.2 முதல் 3.6 வரை காட்டும். 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டதும் கோன் வெளியே தள்ளியது. விரல்களை வட்டமாக வைத்துச் சமமாக அழுத்தியபோது உரசல் இல்லை. விளிம்பு ரப்பர் திடமாக இருக்கிறது. ஃபோம் விளிம்பாக இருந்தால் நம் ஈரக்காற்றில் பொடிந்து போகும்; அதற்குப் புது விளிம்பு ஒட்டலாம். வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கருகியிருந்தால் கதை வேறு.

ஆக, ஆம்ப். திறந்ததும் முதல் வேலை பெரிய கெப்பாசிட்டர்களின் சார்ஜை இறக்குவது. இதில் 4700 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் இரண்டு. ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை 30 விநாடி பிடித்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது போர்டையும் கண்ணையும் பதம் பார்க்கும்.

கோளாறு இருந்த இடம் ஆப்-ஆம்ப் (சிக்னலை முதலில் கையாளும் சிறு ஐசி) சப்ளை. பிரதான சப்ளை பிளஸ், மைனஸ் இரு பக்கமும் 45 வோல்ட், குறையில்லை. அதிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், வோல்ட்டை ஓர் அளவில் நிறுத்தும் சீனர் டயோடும் சேர்ந்து 15 வோல்ட் எடுக்கின்றன. பிளஸ் பக்கம் 15.0, மைனஸ் பக்கம் 9 மட்டுமே. மைனஸ் பக்க ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி அளந்தால் 2.4 கிலோ ஓம். அது 1 கிலோ ஓமாக இருந்தபோது 30 மில்லிஆம்ப் ஓடியதால் அதில் ஏறக்குறைய 0.9 வாட் எப்போதும் சூடானது. போட்டிருந்ததோ போர்டோடு ஒட்டிய 1 வாட் ரெசிஸ்டர். அந்தச் சூட்டில் பக்கத்து 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் காய்ந்துவிட்டது. வோல்ட் 15க்குக் கீழே போனதும் சீனர் வேலை செய்யாது. அதனால் பிரதான சப்ளையின் அலை அப்படியே ஆப்-ஆம்புக்குள் நுழைகிறது, இரைச்சல் அதுதான். பாஸ் அடிக்கும்போது சப்ளை இறங்க, அந்த இறக்கமே சிக்னலாகத் திரும்பி வருவதால்தான் ‘தடக் தடக்’. இந்த அலையை ஏசி அளவில் பார்க்கும்போது, மலிவு மீட்டர்கள் டிசியையும் சேர்த்துக் காட்டும். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக அளந்தால் ஏமாற வேண்டாம்.

மாற்றியவை, இரு பக்கமும் சேர்த்தே: 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் 2 (போர்டிலிருந்து 10 மில்லிமீட்டர் உயர்த்தி), 15 வோல்ட், 1 வாட் சீனர் இரண்டு, 220 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், 105 டிகிரி கெப்பாசிட்டர் 2. புடு பக்கம் ஜாலான் பாசாரில் இவை எல்லாம் கிடைக்கும். மொத்தம் 20 வெள்ளியைத் தாண்டாது. கெப்பாசிட்டர்களைச் சுற்றியிருந்த பழுப்புப் பசையையும் சுரண்டி ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. சூட்டில் வருடக்கணக்காக வெந்த அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தும், கால்களையும் அரிக்கும்.

முதல் பவர் நேராகக் கொடுக்கவில்லை. 60 வாட் இழை பல்பை லைவ் வயரில் தொடராகப் போட்டுக் கொடுத்தால், பல்பு மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டரில். மெயின்ஸில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தைக் கடைக்காரரிடம் விடுவதே சரி. பல்பு மங்கியது. டிரைவரை இணைக்காமல் அவுட்புட்டில் டிசி 12 மில்லிவோல்ட். 50க்குள் இருந்தால் போதும். சில வோல்ட் நின்றால் இணைத்த டிரைவர் வெந்துவிடும்.

இதே மேசையில் புதிது வாங்கச் சொல்லும் நிலைகளும் உண்டு. மின்னல் தாக்கி டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட்டும் சேர்ந்து போனால், அல்லது வாய்ஸ் காயில் கருகி அதே வகை டிரைவர் கிடைக்காவிட்டால் புதிதுதான். என் கணக்கில், பழுதுச் செலவு அதே தரத்துப் புதியதின் பாதி விலையைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். போர்ட் ஓட்டை (காற்று வந்துபோகும் குழாய்) உள்ள பெட்டிக்கு ஏதோ ஒரு 10 அங்குல டிரைவரைப் போட்டால் பாஸ் குழம்பும். மூடிய பெட்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆம்ப் மட்டும் போய், பெட்டியும் டிரைவரும் நன்றாக இருந்தால் நடுவழி உண்டு: வெட்டு அளவும் ஓமும் பொருந்தும் புதுத் தட்டு ஆம்ப். தரை துடைக்கும் தண்ணீர் ஏறி எம்டிஎஃப் பலகை உப்பியிருந்தால் அதற்கும் செலவழிக்க வேண்டாம். இணைப்பு விட்டுக் காற்றுக் கசியும்.

இந்தப் பெட்டியில் உப்பல் இல்லை. தட்டைத் திருகும் முன் ஓரத்து ஃபோம் பட்டையைப் புதிதாக ஒட்டி, 40 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன்; காற்று எங்கும் வரவில்லை.