நம்புறீங்களான்னு அவன் கேட்டதுக்கு நான் சொன்ன பதில்

"நீங்க என்ன நம்புறீங்களாக்கா?"ன்னு என் டீம்ல வேல பாக்குற பையன் கேட்டான். "நான் நம்புறேனா இல்லையாங்கிறது இங்க விஷயமே இல்லப்பா"ன்னு சொன்னேன்.

இவ்வளவுதான் நடந்தது. சத்தம் போடல, அழல, சரிக்கான்னு சொல்லிட்டு லேப்டாப்ப எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டான். ஆனா அந்த பதில் என்ன விட மாட்டேங்குது. சரியாத்தான் சொன்னேன்னு ஒரு நாள் தோணுது, அடுத்த நாளே அப்படியா சொல்லுவாங்க ஒரு பையன்கிட்டன்னு தோணுது. இத எழுதி முடிக்கிறதுக்குள்ளயாவது ஒரு பக்கமா நிக்க முடியுதான்னு பார்க்கத்தான் எழுதுறேன்.

கேஸ் எதுன்னு நான் சொல்லப்போறதில்ல, சொன்னா மறுபடியும் தேட ஆரம்பிச்சிடுவாங்க. அவனோட அப்பா அம்மா ரெண்டு பேரையும் யாரோ வீட்டுக்குள்ளயே கொன்னுட்டாங்க, முதல்ல போய்ப் பார்த்தது அவன், இன்னும் யாரையும் கைது பண்ணல. இது போதும்.

அன்னிக்கு நான் அவன்கிட்ட சொல்லவேண்டியிருந்த விஷயம், கொஞ்ச நாளைக்கு கிளையண்ட் கால்ல நீ வர வேண்டாம், உள்ள இருக்கிற வேலைய மட்டும் பாருன்னு. கிளையண்ட் பக்கத்துல யாரோ ஒரு யூட்யூப் வீடியோ லிங்க்க எங்க மேலதிகாரிக்கு அனுப்பி, இவர்தான் உங்க டீம்ல இருக்கிறவரான்னு கேட்டிருக்காங்க. தம்ப்நெயில்ல அவன் முகம், சுத்தி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்துல கேள்விக்குறி. மேல இருந்தவங்க முதல்ல சொன்னது சம்பளமில்லாத லீவ்ல அனுப்பிடலாம்னுதான். நான் ஒத்துக்கல. சம்பளத்துல கை வைக்கக்கூடாது, கிரேட மாத்தக்கூடாது, டீம்ல இருந்து தூக்கக்கூடாதுன்னு நின்னு பேசி, கடைசியா இந்த கிளையண்ட் கால் விஷயத்துக்கு மட்டும் சரின்னேன். இத ஏன் சொல்றேன்னா அவனுக்கு இது தெரியாது, நான் சொல்லவும் இல்ல. உனக்காக இவ்வளவு பேசினேன்னு அந்த நேரத்துல எப்படி சொல்றது.

அவன் மேல சந்தேகப்பட்டு நெட்ல எழுதினவங்க எல்லாம் என்ன எழுதினாங்கன்னு நான் படிச்சேன், நிறையவே படிச்சேன். பூட்டு உடையல, அப்போ தெரிஞ்சவன்தான். நகை அப்படியே இருக்கு, அப்போ திருடன் இல்ல. ஒரு சின்ன வீடியோவுல அவன் அழாம நிக்கிறான், அப்போ ஏதோ இருக்கு. இன்னொரு வீடியோவுல ரொம்ப அழுறான், நடிக்கிறான். சீக்கிரம் வேலைக்கு வந்துட்டான், எப்படி முடியுது. ஒருத்தர் எழுதினதுக்கு நூறு பேர் ஆமான்னா, அடுத்து வர்றவரு அத தெரிஞ்ச விஷயமா வெச்சுக்கிட்டு அதுக்கு மேல ஒண்ணு கட்டுறாரு. எழுதினவங்க யாரும் கெட்டவங்கன்னு எனக்குத் தோணல. பல பேரு அந்தப் பெரியவங்க ரெண்டு பேருக்கும் நியாயம் கிடைக்கணும்னு நிஜமாவே ஆசப்பட்டு எழுதினாங்க, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

ஆளப் பார்த்தும் பேச்சக் கேட்டும் பொய்யக் கண்டுபிடிக்கிறது பத்தி 2006ல ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்துச்சு, இருநூறுக்கு மேல ஆவணங்கள ஒண்ணா சேர்த்துப் பார்த்தது, சராசரியா 54 சதவீதம்தான் சரியா சொல்ல முடியுதாம். காசு சுண்டிப் போட்டா 50. சும்மா இருக்கிற நேரத்துல இதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன், மேலதிகாரிக்கும் அனுப்பினேன். அவங்க சொன்னாங்க, "எனக்குப் புரியுது, கிளையண்டுக்கு யாரு புரிய வைக்கிறது?" அதுவும் நியாயமாத்தான் இருந்துச்சு.

ஆனா குடும்பத்துல இருக்கிறவங்களத்தான் முதல்ல பார்ப்பாங்கங்கிறது உண்மை. யார் கடைசியா பார்த்தது, யார் முதல்ல கண்டுபிடிச்சது, யாருக்கு சொத்து வரும், அங்க இருந்துதான் எந்த விசாரணையும் ஆரம்பிக்கும், அதுல தப்பே இல்ல. விசாரிக்கிறவங்க அப்படிக் கேக்கிறது பெரும்பாலும் ஆள கழிக்கிறதுக்கு. ஃபோன் எந்த டவர்ல இருந்துச்சு, கேமராவுல வந்தாரா, கைரேகை, டிஎன்ஏ, ஒவ்வொண்ணா பார்த்து இவர் இல்ல, இவர் இல்லன்னு தள்ளிக்கிட்டே போவாங்க. நெட்ல எழுதுறவங்களுக்கு அந்தக் கழிக்கிற வேலைய செய்ய கையில ஒண்ணுமே கிடையாது. முதல் கேள்வியிலயே நின்னுடுறாங்க, நின்ன இடமே பதில் மாதிரி ஆயிடுது. போலீசும் இவர் இல்லன்னு வெளிய வந்து சொல்றது அபூர்வம், ஏன்னா நாளைக்கு வேற ஆள் மாட்டி கேஸ் கோர்ட்டுக்குப் போனா எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அறிக்கைய எடுத்து நீட்டுவாரு. சில விவரங்கள வேணும்னே வெளிய விடாமயும் வெச்சிருப்பாங்க, உண்மையா செஞ்சவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கிற மாதிரி. அதனால அவங்க பேசாம இருக்காங்க, அவங்க பேசாம இருக்கிறதையே பார்த்தீங்களா க்ளீன் சிட் கொடுக்கலன்னு எழுதுறாங்க. இந்தப் பையன் எந்தப் பக்கம் திரும்புவான்?

கலிஃபோர்னியாவுல வெஞ்சுராங்கிற ஊர்ல 1980 மார்ச்ல ஒரு தம்பதிய அவங்க வீட்லயே கொன்னுட்டாங்க, முதல்ல பார்த்தது அந்த மனுஷனோட 12 வயசு மகன். இத படிச்சப்போ கொஞ்ச நேரம் அதுக்கு மேல படிக்க முடியல. அவரோட தொழில்ல தொடர்பு இருந்த ஒருத்தர் மேல கேஸ் போட்டாங்க, அப்புறம் நிக்காதுன்னு கைவிட்டாங்க. அப்போ இன்டர்நெட்டே கிடையாது, ஆனாலும் கேஸ்ல மாட்டின அந்த ஆள ஊர் எப்படிப் பார்த்திருக்கும். 2018ல ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோங்கிற ஆள பிடிச்சாங்க, ஒரு காலத்துல போலீஸ்காரனாவே இருந்தவன், அந்தக் குடும்பத்துக்கு எந்த சம்பந்தமும் இல்லாதவன், 13 கொலைக்கு 2020ல குற்றத்த ஒத்துக்கிட்டான். பிடிச்சது எப்படின்னா, பழைய டிஎன்ஏவ ஜெட்மேட்ச் மாதிரி வம்சாவளி தளங்கள்ல போட்டு, தூரத்து சொந்தக்காரங்கள கண்டுபிடிச்சு, வம்ச மரம் வரைஞ்சு, அதுல இருந்து ஒவ்வொருத்தரா கழிச்சு. வருஷக்கணக்கா அந்தக் கேஸ நெட்ல அலசின ஆயிரக்கணக்கான பேரு எத்தனையோ பேர சந்தேகப்பட்டாங்க, அவன பிடிக்க வெச்சது அதுல எதுவும் இல்ல.

இதுலயே இன்னொண்ணு. 2017ல இதே மாதிரி டிஎன்ஏ தேடல்ல போலீஸ் அமெரிக்காவோட ஆரிகன் மாநிலத்துல ஒரு முதியோர் இல்லத்துல இருந்த 73 வயசு ஆள சந்தேகப்பட்டாங்க. கோர்ட் உத்தரவு வாங்கி மாதிரி எடுத்துப் பார்த்தாங்க, அவர் இல்லன்னு தெரிஞ்சுது, விட்டுட்டாங்க. அப்போ வெளிய யாருக்கும் அது தெரியாது. அதாவது போலீசும் தப்பான ஆள்கிட்ட போறாங்க, ஆனா அந்தத் தப்பு ஒரு ஃபைலுக்குள்ள நடந்து ஃபைலுக்குள்ளயே முடியுது. அதே தப்ப வெளிய பண்ணா எங்க முடியும்? 2022 நவம்பர்ல அமெரிக்காவோட ஐடஹோ மாநிலத்துல நாலு மாணவர்கள கொன்ன கேஸ்ல, எந்த சம்பந்தமும் இல்லாத ஒரு பேராசிரியர டாரட் கார்டு பார்த்துக் கண்டுபிடிச்சேன்னு ஒருத்தங்க டிக்டாக்ல குற்றம் சாட்டினாங்க. அடுத்த மாசக் கடைசியில போலீஸ் வேற ஒருத்தன கைது பண்ணாங்க, அவன் 2025ல ஒத்துக்கிட்டான். பேராசிரியர் போட்ட வழக்குல அது அவதூறுதான்னு நீதிபதி சொல்றதுக்கு 2024 ஆச்சு. அவங்களுக்காவது ஒரு தீர்ப்பு வந்துச்சு. உண்மையான ஆள் மாட்டாத வரைக்கும் என் டீம் பையனுக்கு எந்தத் தீர்ப்பும் வராது.

இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நான் ஏன் நம்புறேன்னு சொல்லல?

ஏன்னா நம்புறேன்னு சொல்றதும் ஒரு ஊகம்தானேன்னு தோணுச்சு. முகத்தப் பார்த்து கொலகாரன்னு சொல்றது தப்புன்னா, அதே முகத்தப் பார்த்து இல்லன்னு சொல்றது மட்டும் எப்படி சரி? அவன் எனக்குத் தெரிஞ்ச பையன், நல்லா வேல செய்வான், புதுசா வர்றவங்களுக்கு உக்காந்து சொல்லித் தருவான். இதெல்லாம் ஆதாரமா? தெரியாததத் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு, தெரியாதப்போ ஒருத்தனுக்குக் கெடுதல் பண்ணாம இருக்கிறதுதான் நியாயம்னு நினைச்சேன். நான் நம்பினாலும் நம்பாட்டியும் நீ இங்க பத்திரமா இருக்கணும், என் நம்பிக்கைய நம்பி நீ இருக்கக்கூடாதுங்கிறதுதான் நான் சொல்ல வந்தது. சட்டமும் அப்படித்தான, நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதின்னா அதுக்கு யாரும் அவர மனசார நம்பணும்னு அர்த்தம் இல்ல.

இப்படி எழுதும்போது சரியாத்தான் வருது. ஆனா அவன் கேட்டது சட்டத்த இல்ல.

இன்னொரு விஷயம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். விசாரணைக்கு வந்தவங்க கொல நடந்த அன்னிக்கு அவன் லாகின் பண்ணியிருந்த நேரம், மீட்டிங்ல இருந்த நேரம் எல்லாம் கேட்டாங்க. முறைப்படி எழுத்துல கேட்டாங்க, அவனும் தாராளமா கொடுங்கக்கான்னான், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது பார்க்காம கொடுக்க முடியுமா, பார்த்தேன். மீட்டிங்ல இருந்திருக்கான், பேசியிருக்கான், நடுவுல ஒரு இடைவெளி. பெரிய இடைவெளி இல்ல. உயிர் போன நேரம்னு டாக்டருங்க சொல்றதே பல மணி நேர வித்தியாசத்துலதான், உடம்போட சூடு, விறைப்பு, அந்த அறையோட வெப்பம், ஃபேன் ஓடுச்சா, இத்தனையும் சேர்ந்து மாறும். அதுக்குள்ள எந்த இடைவெளியையும் வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். எல்லாரோட லாக்லயும் இடைவெளி இருக்கும், அன்னிக்கு என்னோடத எடுத்துப் பார்த்தா அதுல இதவிடப் பெருசா இருந்துச்சு. ஆமா, என்னோடதையும் எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்னா அவனோட இடைவெளி மனசுல உக்காந்துக்கிச்சு.

அப்போ நெட்ல எழுதினவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, நான் எழுதல. அது சின்ன வித்தியாசம்னு சொல்ல மாட்டேன். ஒருத்தர் மனசுக்குள்ள வர்ற சந்தேகத்துக்கு யாரும் பொறுப்பில்ல, அது தானா வரும், அத பேரு போட்டு போட்டோ போட்டு ஊர் முன்னாடி வெக்கிறதுக்குத்தான் பொறுப்பு. அத நான் உறுதியா நம்புறேன். ஆனா அவன் கேட்ட நேரத்துல அந்த இடைவெளி என் வாய்க்கு முன்னாடி வந்து நின்னுச்சா, இல்ல நான் இப்போ சொல்ற கொள்கை நின்னுச்சான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியல. கொள்கைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். எழுத எழுத அவ்வளவு உறுதியா தெரியல.

என் கூட வேல பாக்குற ஒருத்தங்ககிட்ட இத சொன்னேன். "ஒரு வார்த்த நம்புறேன்னு சொன்னா உனக்கென்ன குறைஞ்சிடும், அந்தப் பையனுக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்"ன்னாங்க. நான் கேட்டேன், நாளைக்கே வேற மாதிரி ஏதாவது தெரிய வந்தா? "வந்தா வரட்டும், ஏமாந்தேன்னு இருந்துட்டுப் போ, ஏமாறுறது ஒண்ணும் குத்தம் இல்ல"ன்னாங்க. இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்தப் பெரியவங்க ரெண்டு பேரும் இருக்காங்களே. யாரோ ஒருத்தர் செஞ்சிருக்காங்க. எல்லாரும் எல்லாரையும் நம்புறேன் நம்புறேன்னு சொல்லிட்டா அவங்களுக்காக யார் கேக்கிறதுன்னு ஒரு பக்கம் தோணும். உடனே, அதுக்குன்னு அவங்க பையன்கிட்டயா கேக்கணும்னும் தோணும்.

அதுக்கப்புறம் அவன் கொஞ்ச நாள்தான் இருந்தான். வேலையில ஒரு குறை வெக்கல, எல்லாத்தையும் ஒழுங்கா ஒப்படைச்சுட்டுப் போனான். எங்கிட்ட கோவமா பேசல. அந்தக் கேள்விய மறுபடியும் கேக்கல, நானும் எடுக்கல, எடுத்திருக்கலாம்.

போன பிறகு அவனோட புது ஆபீஸ்ல இருந்து பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு ஒரு கால் வந்துச்சு. எவ்வளவு நாள் இருந்தாரு, என்ன பொறுப்பு, பழக்கவழக்கம் எப்படின்னு வழக்கமா கேக்கிறதுதான் கேட்டாங்க. நல்ல பையன், தாராளமா எடுக்கலாம்னு சொன்னேன், மனசார சொன்னேன். கடைசியா "நாங்க தெரிஞ்சுக்கவேண்டியது வேற ஏதாவது இருக்கா மேடம்?"ன்னாங்க. "வேல சம்பந்தமா ஒண்ணும் இல்ல"ன்னேன். வெச்ச பிறகுதான் அந்த 'வேல சம்பந்தமா' காதுல விழுந்துச்சு. அத ஏன் சேர்த்தேன்? ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்ல. திரும்பக் கூப்பிட்டு வேற விஷயத்துலயும் ஒண்ணும் இல்லன்னு சொல்லலாமான்னு நம்பர எடுத்தேன், அப்படி ஒருத்தர் திரும்பக் கூப்பிட்டு சொன்னா கேக்கிறவங்களுக்கு இல்லாத சந்தேகம்கூட வந்துடுமேன்னு விட்டுட்டேன். கூப்பிடாதது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். அவனுக்கு வேலை கிடைச்சிருச்சு, சேர்ந்துட்டேன்க்கான்னு மெசேஜ் போட்டான். கேஸ்ல இன்னும் யாரையும் பிடிக்கல.