மூன்றாம் மாடி நீதிமன்றம்

நவம்பர் மாதத்தில் தக்காளி வாங்கிய குற்றத்துக்காகப் போன வாரம், ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில், எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் வைத்து விசாரிக்கப்பட்டேன். விசாரித்தவர் வேறு யார், நம் மூன்றாம் மாடி அம்மாதான்.

லிஃப்டில் நான்கு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். அந்த அம்மா தன் சக்கரப் பையோடு ஏறிவிட்டால், கூட ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வார்கள். இவர் பையைப் பார்த்துச் சொல்வார்.

"இது என்ன மாதம்?"

"நவம்பர்."

"அப்புறம் இது என்ன?"

"தக்காளி."

"தக்காளி இல்லை மகனே. பிளாஸ்டிக்."

முதல் மாடி வருவதற்குள் அல்மேரியாவை ஆரம்பித்துவிட்டார். தெற்கே அல்மேரியாப் பக்கம் 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டு, பருவம் பார்க்காமல் வருஷம் முழுக்கத் தக்காளி, வெள்ளரி என்று விளைவிக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் கடற்கரையோரம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளையாகத் தெரியும். பாதி ஐரோப்பா பனிக்காலத்தில் அந்தக் காயைத்தான் தின்கிறது. ஆனால் இந்த அம்மாவின் கணக்கில், பேரன் படிப்பைப் பாதியில் விட்டது, எதிர் பிளாட்காரர் விவாகரத்து செய்தது, ஊரில் எவனும் யாருக்கும் வணக்கம் சொல்லாதது, எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கூரைதான். வாய் திறக்க விடவில்லை. மூன்றாம் மாடி வந்தும், கதவைக் காலால் தடுத்துக்கொண்டு பேசினார். மேலே யாரோ பொத்தானை அமுக்கி அமுக்கிச் சலித்து, படியில் இறங்கிப் போனார்கள்.

இந்த வலென்சியா ஊரில் தண்ணீர் நீதிமன்றம் ஒன்று உண்டு. வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்குக் கதீட்ரல் வாசலில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் உட்காருவார்கள். எவன் மடையை நேரம் தாண்டித் திறந்துவைத்தான் என்பதுதான் வழக்கு. எல்லாம் வாய்மொழி, வக்கீல் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. 2009-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. நம் லிஃப்டையும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

என் நிலைமை ஏற்கெனவே சரியில்லை. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறியதும் டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம்: "மெடிட்டரேனியன் உணவு சாப்பிடுங்கள்." பஸ் ஏறினால் மெடிட்டரேனியனில் கால் நனைத்துவிட்டு வரக்கூடிய ஊரில் இருப்பவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? இறால், பயேயா என்கிற இந்த ஊர்ச் சோறு, மீன் வறுவல் என்று மனதுக்குள் பந்தியே போட்டுவிட்டேன். வீட்டம்மா நேராக மூன்றாம் மாடிக்குப் போய் ஆலோசனை கேட்டுவிட்டாள். அன்று விழுந்தது அடி.

இந்த ஊர்க்காரர்கள் ராத்திரி என்ன சாப்பிடுகிறார்கள் என்று எந்தச் சுற்றுலாக்காரனுக்கும் தெரியாது. அதன் பெயர் எர்விதோ. உருளைக்கிழங்கு, தட்டைப் பச்சை பீன்ஸ், வெங்காயம். மூன்றையும் உப்புப் போட்டு வேக வைப்பது, தண்ணீரை வடிப்பது, தட்டில் வைத்து ஆலிவ் எண்ணெயைப் பச்சையாக ஊற்றி, இஷ்டமிருந்தால் ரெண்டு சொட்டு வினிகர். முடிந்தது. தாளிப்பு? கிடையாது. மிளகாய்? கேட்டாலே முறைப்பார்கள். இதைத் தலைமுறை தலைமுறையாக ராத்திரிக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் இந்த ஊர்ப் பாட்டிகள் தொண்ணூறு வயதில் மார்க்கெட்டில் நம்மை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறார்கள். பயேயா கேட்டால், "அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராத்திரி பயேயா தின்பவன் டூரிஸ்ட்" என்று மூன்றாம் மாடியிலிருந்து பதில் வரும்.

மாமியார் வீடியோ காலில் என் தட்டைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். வீட்டம்மா சிரித்துவிட்டுப் போனின் திசையை மாற்றிவிட்டாள்.

பதிலுக்கு எனக்கு ஆராய்ச்சி வேறு படித்துக் காட்டினாள். மெடிட்டரேனியன் உணவு இதயத்துக்கு நல்லதா என்று ஸ்பெயினில் 7,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வாம், 2013-இல் வெளிவந்தது. 2018-இல் அதைத் திரும்பப் பெற்று, கணக்கைச் சரிபார்த்து மறுபடி வெளியிட்டார்கள். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் நல்லதுதான் என்ற முடிவு பெரிதாக மாறவில்லையாம். எனக்குப் பிடித்தது வேறு: அதில் ஒரு குழுவுக்கு வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். வறட்சியில் விளைச்சல் படுத்து, 2024 தொடக்கத்தில் லிட்டர் 10 யூரோவை நெருங்கியபோது வாங்கி அழுதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, தக்காளிக்கு வருகிறேன். தீர்ப்பின்படி மறுநாள் காலை ருசாஃபா மார்க்கெட்டுக்கு அந்த அம்மாவோடு போக வேண்டியதாயிற்று. கடை முன்னால் வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. "யார் கடைசி?" என்று கேட்க வேண்டும், யாராவது கை தூக்குவார்கள், அவர்களுக்கு அப்புறம் நாம். கேட்காமல் நின்றால் சாயங்காலம் வரை நிற்கலாம். இந்த அம்மா கேட்பதே இல்லை, அவரைப் பார்த்ததும் மற்றவர்களே கடைசி ஆகிவிடுகிறார்கள்.

ஆர்டிசோக் என்கிற பூமொட்டுக் காயைக் குவித்து வைத்திருந்தார்கள், பெனிகார்லோ ஊர்ச் சரக்கு. அந்த அம்மா இரண்டு கையாலும் ஒன்றை எடுத்து, குழந்தை கன்னத்தைக் கிள்ளுவது போல அமுக்கி, காதருகே கொண்டுபோனார். புதுக் காய் என்றால் கீச்சென்று சத்தம் வருமாம். எனக்கும் ஒன்று கொடுத்தார். அமுக்கினேன். கீச்சிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி இன்னொன்றை எடுத்து அமுக்கினேன். கடைக்காரர் முறைத்தார். அந்த அம்மா அவரைத் திருப்பி முறைத்தார். இதில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். ஆர்டிசோக், பசலை, பூசணி, காக்கிப் பழம் என்று பை நிறைந்தது. தக்காளிக் குவியலைக் கடக்கும்போது மட்டும் என் முழங்கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனார்.

இவ்வளவு நியாயம் பேசியவரை நேற்று காலை பத்தரைக்கு ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பாரில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

முழங்கை நீள ரொட்டி. அதற்குள் வெள்ளைச் சாசேஜ் ஒன்று, கறுப்பு ரத்தச் சாசேஜ் ஒன்று, இடுக்கெல்லாம் அவரைப் பருப்பு. பக்கத்தில் வேர்க்கடலை, ஆலிவ், சோடா கலந்த ஒயின். எதிரே அதே வயதில் இரண்டு தோழிகள், அதே அளவில் ரொட்டி. கடைசியில் ரம்மைச் சர்க்கரை, பட்டையோடு கொளுத்தி அதன் மேல் ஊற்றிய காபியும் வந்து இறங்கியது. கொலஸ்ட்ரால் என்ற சொல்லுக்குப் படம் போட வேண்டுமென்றால் அந்த மேஜையைப் போடலாம்.

நான்தான் பதுங்கப் பார்த்தேன். அவர் பதுங்கவில்லை, கை காட்டிக் கூப்பிட்டார்.

"இது அல்முவெர்சோ, பத்து மணித் தீனி. கணக்கில் வராது. உட்கார்."

"ராத்திரி மட்டும் அவித்த பீன்ஸா?"

"ராத்திரி அவித்ததைத் தின்பது எதற்கு? காலையில் இதைத் தின்னத்தான்."

"டாக்டர் பார்த்தால்..."

"அவர் பதினோரு மணிக்குத்தான் வருவார்."

உட்கார்ந்தேன். பாதி ரொட்டியைத் தன் தட்டிலிருந்தே வெட்டி என் பக்கம் தள்ளினார். வீட்டைப் பற்றி, சின்னவள் படிப்பைப் பற்றி, என் அம்மா உடம்பைப் பற்றி எல்லாம் கேட்டார். இத்தனை வருஷம் பையை மட்டும்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேனே!

சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. கையில் நான்கு ஆர்டிசோக். வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு, "உன் புருஷன் நல்ல கட்டுப்பாடான ஆள். இதயத்துக்கு நடை முக்கியம். வெள்ளிக்கிழமைதோறும் பத்தரைக்கு என்னோடு அனுப்பு, நடந்துவிட்டு வருகிறோம்" என்றார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

வீட்டம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நடப்பதற்கென்று எனக்குப் புது ஷூ ஆர்டர் செய்திருக்கிறாள். வியாழக்கிழமை வந்துவிடுமாம்.