காப்புறுதி இல்லாத மாதங்கள்

மார்ச் 4
இவருடைய பழைய நிறுவனத்தின் குழுக் காப்புறுதி பெப்ரவரியோடு முடிந்துவிட்டது. அட்டை இன்னும் என் பணப்பையில்தான் இருக்கிறது.

மார்ச் 6
முகவர் மாலையில் வந்தார். பிரசவச் செலவைப் பற்றி அவராக வாய் திறக்கவில்லை; மாமிதான் கேட்டார். அவர் கொண்டுவந்த திட்டத்தில், பத்திரம் எடுத்து 12 மாதங்கள் கழிந்த பிறகே பிரசவத்துக்குப் பணம் கிடைக்கும். ஏற்கெனவே தங்கிவிட்ட கருவுக்கு, எவ்வளவு தவணைப் பணம் கட்டினாலும் இடமில்லை. "எரியிற வீட்டுக்கு யார் தங்கச்சி காப்புறுதி தருவான்? அடுத்த பிள்ளைக்கு உதவும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். வியாபாரக் கணக்கில் அது சரிதான். ஆனாலும் அந்த உவமையை அவர் என் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 9
தனியார் வைத்தியசாலை ஒன்றில் விசாரித்தோம். சாதாரண பிரசவத்துக்கு ஒரு தொகை, சிசேரியனுக்கு வேறொன்று. குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் நாளொன்றுக்குத் தனிக் கட்டணம். எதையும் எழுத்தில் தர மறுத்துவிட்டார்கள்.

மார்ச் 10
உறக்கம் வரவில்லை. இவருடைய புதிய வேலையின் தகுதிகாண் காலம் ஆகஸ்ட் இறுதியில் முடிகிறது. பிரசவத் திகதி செப்டம்பர் 19. இடையிலுள்ள அந்தச் சில நாட்களுக்குள் என்னைக் குழுக் காப்புறுதியில் சேர்ப்பார்களா, சேர்த்தாலும் இந்தக் கருவை ஏற்பார்களா, பிள்ளை முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்று மனம் அதிலேயே சுற்றுகிறது.

மார்ச் 17
மருத்துவமாது வீட்டுக்கே வந்து பதிந்தார். உயரம், எடை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவு அட்டையில் குறித்து, மாநகர சபைக் கிளினிக்குக்கு நாளும் கொடுத்தார். கட்டணம் என்ற பேச்சே எழவில்லை. மாமிக்கு இதில் வியப்பேதும் இல்லை. 1879 முதல் இயங்கும் டி சொய்சா அரச மகப்பேற்று வைத்தியசாலையில்தான் அவர் இவரைப் பெற்றார். என் பயம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. நள்ளிரவில் வலி வந்தால், வார்டில் நான் சிங்களத்தில் என்ன சொல்வேன்?

மார்ச் 18
என்னைக் காப்புறுதியில் சேர்ப்பது பற்றிக் கேட்டதற்கு, இவருடைய புதிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து பதில் இல்லை.

மார்ச் 27
கிளினிக். சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுத்தபோது முகம் சுருங்கியது. எல்லாத் தாய்மாருக்கும் எடுப்பதுதான் என்றார் தாதி. அவ்விரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்றளித்ததற்கு, இந்த வாங்கில் அமர்ந்து கை நீட்டிய பெண்கள்தாம் காரணம். அவர்களில் எத்தனை பேரிடம் காப்புறுதி அட்டை இருந்திருக்கும்?

ஏப்ரல் 2
பதில் வந்தது. என்னைச் சேர்ப்பார்களாம், ஆனால் சேர்த்த நாளுக்குப் பிறகு உண்டாகும் கருவுக்கே பிரசவச் செலவு கிடைக்குமாம். சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுதேன்.

ஏப்ரல் 5
மச்சாள் வழி சொன்னாள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் பணிபுரியும் நிபுணர் ஒருவரை மாலையில் தனியாரில் சனல் செய்து, அதாவது பணம் கட்டி நேரம் பதிந்து, காட்டிவிட்டு, பிரசவத்துக்கு அவருடைய அரச வார்டிலேயே சேர்வது. கொழும்பில் பாதிப் பேர் செய்வது இதைத்தானாம். சனல் கட்டணமும் ஸ்கேன் செலவும் மட்டுமே நம்முடையவை. சிசேரியன் என்றாலுமா என்று மாமியிடம் இரண்டு முறை கேட்டேன். "அங்க அதுக்கும் பில் இல்லை, பிள்ளை" என்றார்.

ஏப்ரல் 8
வார்டில் இரவில் தமிழ் தெரிந்த தாதியர் இருப்பார்களா என்று, வியாழக்கிழமை மருத்துவமாதுவிடம் கேட்க வேண்டும்.