ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியாத சூடு

வீட்டில் மின்சாரத்தால் தீப்பிடிப்பதைப் பற்றிக் கொழும்பில் பேச்செடுத்தால், “ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கு, பயமில்லை” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ட்ரிப் சுவிட்ச் உயிர் காக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். லைனில் போகும் கரண்டுக்கும் நியூட்ரலில் திரும்பும் கரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டினால் அது விழுந்துவிடும். ஆனால் பிளக் பேஸுக்குள் ஒரு ஸ்குரூ ஆணி தளர்ந்திருந்தால், போன கரண்ட் முழுவதும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. வித்தியாசமே இல்லாததால் ட்ரிப் சுவிட்ச் அசையாது. கரண்ட் கூடவில்லை என்பதால் பிறேக்கரும் விழாது. இரண்டும் அப்படியே நிற்க, பேஸ் உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.

கணக்கு எளிது. 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 அம்பியர் எடுக்கும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் போதும், அந்தச் சின்னப் புள்ளியில் 38 வாட் சூடு பிறக்கும். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சொல்டரிங் அயனின் சூடு அது. சூட்டில் செம்பு கறுக்கும், பேஸின் பித்தளைப் பிடி இறுக்கம் இழக்கும், தடை இன்னும் ஏறும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, முகத்துவாரம் என்று கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் விரைவுபடுத்தும்.

கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கேத்தல் கொதித்து முடிந்ததும் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி முள்ளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைக்க முடியாவிட்டால் அந்தப் பேஸைப் பாவிக்கக் கூடாது. ஓட்டையைச் சுற்றி மஞ்சள் அல்லது மண்ணிறம் படர்ந்திருப்பது, சுவிட்சில் ‘சிர்’ என்ற சத்தம் ஆகியவையும் அடையாளங்கள். மீன் பொரிக்காத நேரத்தில் குசினியில் மீன் வெடில் அடித்தால் கட்டாயம் பேஸ்களைப் பாருங்கள். சில வகைப் பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது அப்படித்தான் மணக்கும்.

மாற்றும்போது பலர் விடும் பிழை, பேஸை மட்டும் மாற்றுவது. கருகிய முள் புதிய பேஸையும் கெடுத்துவிடும், ஆகவே பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். கறுத்த வயர் நுனியைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, இரண்டாக மடித்துச் செருகி, ஸ்குரூவை இறுக்கியபின் இழுத்துப் பார்க்க வேண்டும். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே இந்த வேலை. பழக்கமில்லாதவர்கள் தகைமையுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஊரில் வேரோடிப்போன ஒரு பழக்கத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சதுர முள் பேஸின் மேல் ஓட்டைக்குள் பேனை முனையைக் குத்தி, இரண்டு உருண்டை முள் பிளக்கைத் திணிப்பது. உருண்டை முள்ளைச் சதுரப் பிடி சரியாகக் கவ்வாது, மெல்லிய கோடாகத்தான் தொடும். மேலே சொன்ன தளர்ந்த இணைப்பை நாமே கையால் செய்கிறோம். இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள 13 அம்பியர் பிளக்கை அந்த வயரில் பூட்டிவிடுங்கள். பிளக்குக்குள் 700 வாட் வரையான பொருளுக்கு 3 அம்பியர் பியூஸ், கேத்தலுக்கும் அயனுக்கும் 13.

எக்ஸ்டென்ஷன் கோட் வாங்கும்போது எத்தனை ஓட்டை என்று எண்ணாமல், வயரில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் தாங்குவது 6 அம்பியர்தான், கேத்தலுக்கே போதாது. 13 அம்பியருக்கு 1.25 வேண்டும். சுருட்டி வைத்தபடி பாவித்தால் அதுவும் வெளியேற வழியில்லாத சூட்டில் உருகும். பிரிட்ஜ், றைஸ் குக்கர் நேராகச் சுவரிலேயே இருக்கட்டும்.

பிறேக்கர் அடிக்கடி விழுகிறதென்று 20ஐக் கழற்றி 32 போடுவது மிக ஆபத்தானது. 20 அம்பியர் பிறேக்கர் 29 அம்பியரில் விழவே ஒரு மணித்தியாலம்வரை எடுக்கலாம். 32 போட்டால் அந்த எல்லை 46 ஆகிறது. மெயின் பெட்டியிலிருந்து போய்க் கடைசிப் பேஸோடு முடிகிற 2.5 சதுர மில்லிமீற்றர் லைன், அதாவது 7/0.67 வயர், அதைத் தாங்காது. இரு முனையும் பெட்டிக்குத் திரும்பும் ரிங் லைனுக்கு மட்டுமே 32. குளியலறை ஹீட்டர் 3500 வாட் என்றால் 15 அம்பியருக்கு மேல், அதற்குப் பிளக்கே கூடாது. தனி லைனும் தனிப் பிறேக்கரும் வேண்டும். ஏசிக்கும் தனி லைன்.

ட்ரிப் சுவிட்சில் ‘டி’ (T) என்ற எழுத்துள்ள பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

புகை வந்தால் முதலில் மெயின் சுவிட்ச். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உலர் தூள் அல்லது காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான்தான். மெயின் பெட்டியே எரிந்தால் கிட்டப் போகாமல், ஆட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 110க்கு அழையுங்கள். ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம், எத்தனையாம் மாடி, இந்த மூன்றையும் அழைத்தவுடனேயே சொல்லுங்கள்.