மூக்கு வழியாக மூளை ஆபரேஷன்: தையல் ஆறும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதம்

அம்மாவுக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்து, "மூக்குல தண்ணி மாதிரி வந்தா ராத்திரின்னு பார்க்காதீங்க, உடனே கூப்பிடுங்க" என்றார். இதே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்நேரமும் சுமார் 150 மில்லி திரவம் இருக்கிறது, உடம்பு நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு அதைப் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். கட்டியை எடுக்கும்போது அம்மாவுக்கு அந்தத் திரவத்தைத் தாங்கும் உறையில் சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்து அடைத்து, மூக்கின் உட்சவ்வை மேலே போர்த்திவிட்டார்கள். மூக்கில் ஆபரேஷனுக்கு வயிற்றில் ஏன் தையல் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அடைப்பு நன்றாக ஒட்டும்வரை தலைக்குள் அழுத்தம் ஏறக்கூடாது. கசிந்தால், மூக்கில் இருக்கும் கிருமி அதே வழியாக உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரலாம்.

வீட்டில் எல்லாமே இந்த அழுத்தத்தை வைத்துத்தான். மூக்கு சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பொத்தாமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தும்மலே வராமல் இருக்க மிளகாய் தாளிக்கிற நெடியை நிறுத்தினோம், ஊதுபத்தியையும்தான். இளநீரைக்கூட ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச விடாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது இரண்டும் கிடையாது. முக்கக்கூடாது என்பதால் மலமிளக்கி சிரப் தினமும் ராத்திரி, எங்கள் வீட்டில் இந்தியக் கழிப்பறைதான் என்பதால் ஒரு கமோடு நாற்காலியும் வாங்கினோம். படுக்கும்போது தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அது ஏறினால் புண் ஆறாது, தொற்றும் சுலபமாக வரும், அதனால் அந்த நாட்களில் சர்க்கரை அளவை விடாமல் பார்த்தோம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு காலையில் அம்மா காபி டம்ளரை எடுக்க முன்னால் சாய்ந்தபோது வலது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவு. "தொண்டைல உப்புக் கரிக்குதுடி" என்றார். பெரியம்மா, சளிதான், நொச்சி போட்டு ஆவி பிடி என்றார். நான் அம்மாவின் கைக்குட்டையைப் பார்த்தேன். சளி காய்ந்தால் துணி விறைத்துவிடும், இது காய்ந்தும் மெத்தென்றே இருந்தது. ஆவி வேண்டாம் பெரியம்மா என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவைக் குனியவைத்து ஒரு சின்னக் குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, பீட்டா 2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் புரதம் சளியில் இருக்காது, மூளைத் திரவத்தில் இருக்கும். கசிவுதான் என்று உறுதியானது. திரும்ப ஆபரேஷன் என்று பயந்துபோனோம், ஆனால் முதலில் முதுகில் இடுப்புப் பக்கம் மெல்லிய குழாய் வைத்து அந்தத் திரவத்தை மணிக்கு 10 மில்லி போல ஒரு பையில் வடியவிட்டார்கள். அழுத்தம் குறைந்தால் ஓட்டை தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டாம்.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். பை தொங்கும் உயரத்தை வைத்துத்தான் வடியும் அளவு. நோயாளி எழுந்து உட்காரும் முன், கட்டிலை ஏற்றி இறக்கும் முன், சிஸ்டரைக் கூப்பிட்டு குழாயை மூடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒரேயடியாக வடிந்து தலைவலி மண்டையைப் பிளக்கும், அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பக்கத்துக் கட்டில்காரரின் மகன் நல்ல மனதோடு கட்டிலை உயர்த்திவிட வந்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன். குழாயின் இணைப்புகளை நாம் தொடவே கூடாது. தொடுகிற சிஸ்டர் கை கழுவினாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், நான் கேட்டேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கசிவு நின்றது. குழாயை எடுத்தபின் குனியவைத்துப் பார்த்தார்கள், சொட்டவில்லை.

அப்புறம் காய்ச்சல் விஷயம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, பேச்சில் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டால், முதுகிலிருந்து திரவம் எடுத்துச் சோதிக்கும்போது எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம்.